ஊமத்தை: பிழைத்தவர்கள் சொன்ன சாட்சி

மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, காய்ந்த மிளகாயை உடைத்து எடுத்த விதைகளை இடப்பக்கமும், முற்றி வெடித்த ஊமத்தங்காயிலிருந்து உதிர்ந்த விதைகளை வலப்பக்கமும் வைத்திருக்கிறேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பூதக்கண்ணாடி வைத்த பிறகுதான் வேறுபாடு புலப்படுகிறது. மிளகாய் விதை வெளிர்மஞ்சள். தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. ஓரம் ஒற்றைக் கோடாக மெலிந்து முடிகிறது. ஊமத்தை விதை கொஞ்சம் பெரியது, தடிப்பானது, பழுப்பேறிய மஞ்சள். மேல்தோல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி சிறு குழிகள். வளைந்த முதுகில் இரட்டை வரப்பு ஓடுகிறது. பிளேடால் நீளவாக்கில் பிளந்தால் உள்ளிருக்கும் கரு மிளகாயில் உட்பக்கம் சுருண்டிருக்கும். ஊமத்தையில் அதன் நுனி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். மிளகாய் விதை காரும், ஊமத்தை விதை கசக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்தச் சோதனையை மட்டும் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் தடயவியல் படிக்கும் மாணவர்கள் இந்த வேறுபாடுகளை இன்றும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட குற்ற வரலாறு இருக்கிறது. நெடுஞ்சாலைகளில் வழிப்போக்கரோடு சிநேகமாகப் பேசி, சத்திரத்தில் ஒன்றாகத் தங்கி, சோற்றிலோ இனிப்பிலோ ஊமத்தை விதைத்தூளைக் கலந்து கொடுத்து, மயங்கியதும் மூட்டையோடு மறைந்துவிடும் கூட்டங்கள் 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் பரவலாக இருந்தன. வங்காளத்தில் பணியாற்றிய நார்மன் செவர்ஸ் என்ற மருத்துவர் 1856இல் வெளியிட்ட மருத்துவச் சட்ட நூலில் ஊமத்தைக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 328ஆம் பிரிவு, குற்றம் செய்யும் நோக்கோடு மயக்கப் பொருள் கொடுப்பவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்தச் செடிதான்.

மதராஸ் மாகாணத்தில் அரசு வேதியியல் ஆய்வகம் 1849இல் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுதான். இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்கு வாந்தியும் எஞ்சிய உணவும் குடுவைகளில் வரும். நுண்கருவிகள் இல்லாத அந்தக் காலத்தில் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து சாறு பிரித்து, பூனையின் கண்ணில் ஒரு சொட்டு விட்டார்கள். வெளிச்சத்திலும் சுருங்காமல் கண்பாவை அகன்று நின்றால் சந்தேகம் உறுதியானது.

வழிப்பறிக்காரர்கள் ஊமத்தையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உண்டவர் பெரும்பாலும் சாகமாட்டார். ஓரிரு நாளில் தெளிந்துவிடுவார். ஆனால் யார் கொடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள் என்று அவரால் சொல்ல முடியாது. அந்த மணிநேரங்களை நஞ்சு நினைவிலிருந்து துடைத்துவிட்டிருக்கும். உயிரோடு இருந்தும் சாட்சி சொல்ல முடியாதவராக மனிதரை ஆக்கிவிடும் நஞ்சு இது. சாட்சி என்ற இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் செடியைப் பற்றி நம் ஊரில் நிலவும் மருத்துவ நம்பிக்கைகளைப் புரிந்துகொள்ள, பின்னால் இதே சொல்லுக்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

*

ஊமத்தைக்குத் தோட்டக்காரர் வேண்டாம். குப்பைமேடு, இடிந்த வீட்டு மனை, ரயில் பாதையோரம், சுடுகாட்டு வழி என்று மனிதர் கிளறிப்போட்ட மண்ணில் தானே முளைக்கும். ஆடும் மாடும் பொதுவாக வாய் வைக்காமல் விலகிப் போவதால் வறட்சியிலும் பச்சையாக நிற்கும். பகலில் பார்த்தால் பூ வாடிய குழாய்போலத் தொங்கும். பொழுது சாயும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முறுக்கு அவிழ்ந்து, கிட்டத்தட்ட ஒரு சாண் நீள வெள்ளைப் புனலாக விரிவதைக் காணலாம். வாசனை கிளம்பும். இருட்டியதும் நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்க வரும்.

வெள்ளைப் பூ பூப்பது வெள்ளூமத்தை. ஊதாத் தண்டும் ஊதா வெளிப்புறமும் கொண்ட அடுக்குப் பூ பூப்பது கருவூமத்தை. இரண்டும் ஒரே இனத்தின் வேறு வடிவங்கள்தாம். டாட்டுரா மெட்டல் என்பது தாவரவியல் பெயர். லின்னேயஸ் 1753இல் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயரே வட இந்தியச் சொல்லான தத்தூராவிலிருந்து வந்தது. மொட்டையான முட்கள் போர்த்திய உருண்டைக் காய், காம்பு வளைந்து தலைகீழாகத் தொங்கும். காய் நிமிர்ந்து நின்று நான்காகப் பிளந்தால் அது வேறோர் இனம். நஞ்சைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

ஊமத்தை என்ற பெயரும் செடியைப் பற்றிய ஓர் எச்சரிக்கைதான். உன்மத்தம் என்றால் பித்து. சைவ இலக்கியம் இதை மத்தம் என்று சுருக்கி, கொன்றையோடும் எருக்கோடும் சேர்த்துச் சிவனின் சடையில் சூட்டுகிறது. தேவாரத்தில் மத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. சோழர் காலத்து நடராசர் செப்புத்திருமேனியைத் தலைப்பகுதியில் உற்றுப் பார்த்தால் பிறை, கங்கை, மண்டையோடு ஆகியவற்றோடு இந்தப் புனல் பூவையும் காணலாம்.

இங்கேதான் தாவரவியலாளர்களை நெடுநாள் குழப்பிய ஒரு கேள்வி எழுகிறது. டாட்டுரா பேரினத்தில் ஏறக்குறைய ஒரு டஜன் இனங்கள் உண்டு. அவை இயற்கையாகச் செறிந்திருப்பது மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும். நம் ஊமத்தையின் நெருங்கிய உறவுகளும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் மிளகாயைப் போல இதுவும் கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறி வந்தது என்று சில அறிஞர்கள் எழுதினார்கள். 2007இல் கீதாவும் கராய்பெஹும் இந்தியாவிலிருந்து வெளிவரும் உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் இதை மறுத்தார்கள். வடமொழி, அரபு நூல்களையும் சிற்பச் சான்றுகளையும் தொகுத்து, முதல் ஆயிரமாண்டிலேயே ஊமத்தை இங்கே இருந்தது என்று வாதிட்டார்கள். தமிழ் வாசகருக்கு இந்த வாதம் புதுமையாகத் தோன்றாது. கொலம்பஸ் கடலில் இறங்கியது 1492இல். சம்பந்தரும் அப்பரும் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தியவர்கள். பழைய ஓதுவார் மரபு தாவரவியலுக்கும் ஆவணமாகும் அபூர்வமான இடம் இது என்று நான் நினைக்கிறேன். எப்படிக் கடல் கடந்தது என்பது தனிக் கேள்வி. ஆனால் தாளில் அருகருகே கிடக்கும் இந்த இரண்டு விதைகளும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் பூர்விகமும் ஒரே கண்டம். ஒன்று ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே வந்து கோவிலுக்குப் போனது, மற்றது போர்த்துகீசியர் காலத்தில் வந்து அடுப்படிக்குப் போனது.

*

செடியின் எல்லா உறுப்புகளிலும் மூன்று ஆல்கலாய்டுகள் இருக்கின்றன: ஹயோசயமின், ஸ்கோபோலமின், அட்ரோபின். நம் உடலில் நரம்பு முனைகளிலிருந்து அசிடைல்கோலின் என்ற பொருள் சுரந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் இதயத்துக்கும் குடலுக்கும் கண் தசைக்கும் உத்தரவு கொண்டுபோகிறது. அந்த உத்தரவைப் பெற்றுக்கொள்ளும் வாயில்களை இந்த ஆல்கலாய்டுகள் அடைத்துக்கொள்கின்றன. உமிழ்நீர் நிற்கும். தொண்டை காய்ந்து தண்ணீர்கூட இறங்காது. வியர்வை நின்றுபோவதால் உடல் கொதிக்கும், தோல் சிவக்கும். கண்பாவை அகன்று, வெளிச்சம் குத்தும். பக்கத்தில் இருப்பது மங்கும். நாடி விரையும். சிறுநீர் கட்டிக்கொள்ளும்.

மூளைக்குள் ஸ்கோபோலமின் செய்வது இதைவிடக் கொடுமை. ஊமத்தை உண்டவர் காண்பதை வண்ணக் கனவு என்று நினைக்கக் கூடாது. இல்லாத ஆட்களோடு இயல்பாகப் பேசுவார். காண்பது பொய் என்ற உணர்வே இருக்காது. தடயவியல் நூல்கள் எல்லாம் தவறாமல் குறிப்பிடும் ஓர் அடையாளம் உண்டு. நோயாளி விரல் நுனியிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருப்பார், ஊசியில் நூல் கோப்பதுபோலக் கைகளை அசைப்பார், போர்வையைக் கொத்திக் கொத்திப் பிடிப்பார். அளவு மீறினால் வலிப்பு, மயக்கம், மூச்சு நிற்றல். போதைக்காக இதைத் தேடும் இளைஞர்கள் சிலர் கிணற்றிலும் சாலையிலும் உயிர்விடுவது, எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போவதால்தான்.

2019இல் உகாண்டாவில் உணவு உதவியாக வழங்கப்பட்ட ஊட்டச்சத்து மாவில், பயிரோடு சேர்ந்து அறுவடையான ஊமத்தை இன விதை கலந்துவிட்டது. முந்நூறு பேர் அளவில் பாதிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல; களையைப் பிடுங்காத வயலும், சலிக்காத தானியமும் போதுமாக இருந்தன.

*

இவ்வளவு கொடிய செடி மருத்துவத்துக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், விடை சென்னையிலிருந்தே தொடங்குகிறது. அண்ணா மேம்பாலத்துக்கு அருகிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்துக்குள் சிற்பி சான்ட்ரி வடித்த ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. ஜேம்ஸ் ஆண்டர்சன், மதராஸ் மாகாணத்தின் தலைமை மருத்துவர், 1809இல் இறந்தவர். செஞ்சாயப் பூச்சியை இங்கே வளர்க்கப் பாடுபட்டவர் என்றுதான் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவர் முக்கியமாகப் படுவது வேறொரு காரணத்தால். ஊமத்தை இனம் ஒன்றின் வேரையும் அடித்தண்டையும் உலர்த்தி, இடித்து, குழாயில் போட்டுப் புகைத்தால் இரைப்பு தணிகிறது என்ற இங்குள்ள வழக்கத்தை அவர் பரிந்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி மூலம் அது 1802இல் பிரிட்டனுக்குப் போனது. பின்னர் நெடுங்காலம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக்கடைகளில் ஆஸ்துமா சிகரெட்டுகள் விற்றன. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்தும் அவற்றைப் புகைத்தார்.

அந்தப் புகையில் உண்மை இருந்தது. மூச்சுக்குழல் தசை இறுகுவதும் அசிடைல்கோலினின் உத்தரவால்தான். அதை அடைத்தால் குழல் தளரும். ஆனால் அதே புகை மூளையையும் கண்ணையும் இதயத்தையும் சேர்த்தே அடைத்தது. வேதியியலாளர்கள் அட்ரோபினின் அமைப்பில் சிறு மாற்றம் செய்து, இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் கடக்க முடியாத ஐப்ராட்ரோபியத்தை உருவாக்கினார்கள். இன்று அரசு மருத்துவமனையில் இரைப்போடு வரும் முதியவருக்கு நெபுலைசர் முகமூடி மாட்டும்போது பெரும்பாலும் உள்ளே போவது இந்த மருந்தும்தான். மரபு கண்டறிந்த நன்மையும், மரபால் பிரிக்க முடியாத தீமையும் இரு நூறு ஆண்டு உழைப்பில் பிரிந்து வந்த கதை இது. இதை வைத்துக்கொண்டு, புகைத்தால் இன்றும் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில், பிரித்தெடுத்த அரிசி வீட்டில் இருக்கும்போது யாரும் உமியையும் கல்லையும் சேர்த்து உலையில் போடுவதில்லை என்பதே.

ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ என்ற அறுவை மருத்துவர் 1804இல் ஊமத்தையும் நாபி என்ற நச்சுக் கிழங்கும் சேர்ந்த கஷாயத்தால் ஒரு மூதாட்டியை மயக்கி, மார்பகப் புற்றுக் கட்டியை அகற்றினார். பாஸ்டனில் ஈதர் மயக்கம் காட்டப்பட்டது 1846இல். அதற்கு 42 ஆண்டு முன்பு. மருந்தின் அளவைக் கண்டறிய அவருடைய தாயும் மனைவியும் தங்களைச் சோதனைக்குக் கொடுத்தார்கள் என்றும், மனைவி பார்வையை இழந்தார் என்றும் ஜப்பானியர் சொல்கிறார்கள். அளவு தெரிவதற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

நம் ஊருக்கு மிக நெருக்கமான பயன் வேறு. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில், ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தைக் குடித்தவரையோ, தெளிக்கும்போது நஞ்சேறியவரையோ கொண்டுவராத மருத்துவமனை கிடையாது. அந்த நஞ்சு உடலில் அசிடைல்கோலினைச் சிதைய விடாமல் தேக்குகிறது. வாயில் நுரை, நெஞ்சில் நீர், ஊசிமுனையாகச் சுருங்கிய கண்பாவை. ஊமத்தை செய்வதற்கு நேர் எதிர். அதனால் மருத்துவர்கள் அட்ரோபினை ஏற்றுகிறார்கள். 0.6 மில்லிகிராம் கொண்ட சிறு கண்ணாடிக் குப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைபடும். நெஞ்சில் நீர்ச் சத்தம் அடங்கும்வரை அளவை இரட்டித்துக்கொண்டே போவார்கள். விடியும்போது கட்டிலுக்கடியில் இருக்கும் தட்டில் உடைந்த குப்பிகள் குவிந்திருப்பதை உறவினராக நின்று பார்த்திருக்கிறேன். நோயாளி பிதற்றத் தொடங்கி, காற்றில் நூல் இழுக்கத் தொடங்கினால் செவிலியர் மருத்துவரைக் கூப்பிடுவார். அட்ரோபின் அளவு மீறியதற்கு அதுதான் அடையாளம், ஊமத்தை உண்டவருக்கும் அதுதான் அடையாளம். எதிர்த்திசையில் இன்னொரு விந்தையும் உண்டு. ஊமத்தை நஞ்சுக்கு மாற்று மருந்தாகப் பயன்படும் ஃபைசோஸ்டிக்மின், மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து வந்தது. அது உடலில் வேலை செய்யும் முறை பூச்சிமருந்து வேலை செய்யும் முறையேதான்.

*

சித்த மருத்துவர்கள் இந்தச் செடியின் குணம் தெரியாமல் கையாண்டவர்கள் அல்லர். அவர்கள் வழக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் ஊமத்தையின் பயன்களில் பெரும்பகுதி வெளிப்பூச்சாகவே இருப்பது தெரியும். இலையை வதக்கி மூட்டு வீக்கத்தில் கட்டுவார்கள், எண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குப் போடுவார்கள். அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் ஆறாத புண்ணுக்குக் கொடுக்கும் மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு ஆகியவற்றால் ஆனது. துருசு என்பது தாமிர சல்பேட். அதனால்தான் அந்த எண்ணெய் பச்சையாக இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் பஞ்சால் தொட்டு வைப்பதை நான் கண்டிருக்கிறேன். கட்டுப் போடுபவர் கையுறை அணிந்திருந்தார், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவாத கையால் கண்ணைத் தொட்டால் அன்று முழுக்க அந்தக் கண்ணால் படிக்க முடியாது என்று அவரே சொன்னார். முறையாகப் பழகியவருக்கு எச்சரிக்கை கையோடு வந்துவிடுகிறது.

உள்மருந்தாகக் கொடுக்க வேண்டியிருந்தால் விதையை முதலில் சுத்தி செய்ய வேண்டும் என்று மரபு வற்புறுத்துகிறது. சுத்தி நஞ்சை முழுமையாக நீக்கிவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ஆனால் நஞ்சென்று ஒப்புக்கொண்டுதான் தொடங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. இந்திய அரசும் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஈ(1) அட்டவணையில் ஊமத்தையைச் சேர்த்திருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள பொருள் கலந்த உள்மருந்தின் புட்டியில், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு முழுவதும் உதிர்ந்துபோய், ஊமத்தை முடி வளர்க்கும், மூட்டுவலி தீர்க்கும் என்ற பாதி மட்டும் கைப்பேசியில் சுற்றுவதுதான் என் கவலை. வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் எவ்வளவு ஆல்கலாய்டு இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரே செடியில் இலைக்கும் விதைக்கும் நஞ்சின் அளவு வேறு. இளஞ்செடிக்கும் முற்றிய செடிக்கும் வேறு. மண்ணும் பருவமும் மாறினால் அதுவும் மாறும். ஐந்து இலை என்று சொல்பவர் எந்தச் செடியின் ஐந்து இலையைச் சொல்கிறார்? கீறலும் வெடிப்பும் உள்ள தோல் வழியாக நஞ்சு உள்ளே போகும். பால் கட்டிக்கொண்ட தாய்க்கு மார்பில் ஊமத்தை இலையைக் கட்டும் பழக்கம் கிராமங்களில் இருந்தது. அதே மார்பில் பால் குடிக்க வரும் குழந்தையின் எடை மூன்றோ நாலோ கிலோ. இந்த ஒரு வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

குழந்தையோ பெரியவரோ தின்றுவிட்டது தெரிந்தால் புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பிதற்றும் ஒருவருக்குத் தொண்டையும் காய்ந்திருக்கும். கொடுப்பது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வாயில் மிஞ்சியிருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு, 108ஐ அழைத்து, தின்ற செடியின் ஒரு கிளையைக் காயோடு ஒடித்துக் கூடவே கொண்டுபோக வேண்டும். பைத்தியம் பிடித்துவிட்டது, பேய் பிடித்துவிட்டது என்று கோவிலுக்குக் கொண்டுபோய் நேரத்தை இழந்தவர்கள் உண்டு. மருத்துவர் அந்தக் காயைப் பார்த்த நிமிடத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

*

கடைசியாக, மரபு தவறிய இடத்துக்கு வருகிறேன். நான் ஒன்பது வயதில் அதில் அகப்பட்டவன்.

டீக்கடை வாசலில் கிடக்கும் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்ற பேச்சு எழுவதற்குள் அப்பாயி பக்கத்து ஊர் வைத்தியரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். அவர் வேலியோரம் பறித்த ஊமத்தை இலையைக் கசக்கிப் பிழிந்து, கருப்பட்டியோடு கலந்து கொடுத்தார். "கசக்கும். மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிருய்யா" என்று அப்பாயி என் தாடையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கசப்பு நினைவிருக்கிறது. அன்று இரவு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். சுவரில் எறும்பு ஊர்வதாகக் கத்தினேனாம். தண்ணீர் கேட்டேன், விழுங்க முடியவில்லையாம். விடியும்வரை விரலிலிருந்து எதையோ பிடுங்கிப் பிடுங்கி அப்பாயி கையில் கொடுத்தேனாம். பயந்துபோன அம்மாவிடம் வைத்தியர் சொன்னாராம்: "பயப்படாத தாயி. வெசம் வெளிய வருது. இப்ப வெளிய வந்தாத்தான் பொறவு வராது."

பிற்காலத்தில் சுஸ்ருத சம்ஹிதையின் கல்பஸ்தானத்தைப் படித்தபோது திடுக்கிட்டேன். அதன் ஏழாம் அத்தியாயம் வெறிநாய்க்கடிக்கு ஊமத்தையைத்தான் சொல்கிறது. காரணமும் சொல்கிறது: நஞ்சு தானாகக் கிளம்பினால் மனிதன் பிழைக்கமாட்டான், ஆகவே அதற்கு முன்பே மருந்தால் கிளப்பிவிட வேண்டும். எழுத்து வாசனை அதிகமில்லாத அந்த வைத்தியர் பல நூற்றாண்டுப் பழைய கோட்பாடு ஒன்றைப் பேச்சுத்தமிழில் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நூல் ஒன்றை மிகச் சரியாகக் கண்டிருந்தது: தண்ணீரைக் கண்டு அஞ்சத் தொடங்கிவிட்ட நோயாளி பிழைப்பதில்லை. வெறிநோயும் ஊமத்தை நஞ்சும் வெளியே ஒன்றுபோலத் தோன்றுவதையும் அதை எழுதியவர்கள் பார்த்திருக்கிறார்கள். தொண்டையில் எதுவும் இறங்காமை, பிதற்றல், கொதிக்கும் உடம்பு. ஒன்றை வைத்து மற்றதை முன்கூட்டியே தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் அந்த ஒப்புமையிலிருந்து பிறந்திருக்க வேண்டும். கவனிப்பு கூர்மையானது. அதிலிருந்து எடுத்த முடிவு தவறானது. ரேபிஸ் எனப்படும் வெறிநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. ஊமத்தைச் சாறு அதைத் தொடக்கூட முடியாது.

பிறகு ஏன் இந்த மருந்து இத்தனை காலம் நிலைத்தது? கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி கிடையாது. வெறிநாய் கடித்தவர் எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. சாறு குடித்து, ஒரு நாள் பிதற்றி, தெளிந்து எழுந்தவர் ஆயுள் முழுவதும் அந்த வைத்தியர் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று மாதம் கழித்து நுரைதள்ளி இறந்தவருக்கு, பத்தியம் தவறினார் என்ற காரணம் தயாராக இருக்கும். இறந்தவரால் அதை மறுக்க முடியாது. சாட்சி சொல்லப் பிழைத்தவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள், நானும் அவர்களில் ஒருவனானேன். என்னைக் கடித்த நாய் அடுத்த ஆண்டும் அதே டீக்கடை வாசலில் பொறையைத் தின்றுகொண்டு சுகமாக இருந்தது. அதற்கு வெறியே இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஊரில் யாரும் நாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். "இந்தப் பயலுக்குக் கேட்டுச்சுல்ல" என்று என்னைக் காட்டியே இன்னும் எத்தனை பேருக்கு அந்தச் சாறு போனது என்று எனக்குத் தெரியாது. அவர்களைக் கடித்தவற்றில் எந்த நாய் உண்மையிலேயே வெறிநாயாக இருந்தது என்பதும் தெரியாது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான்.

சரியான வழி அப்போது இல்லாமல் இல்லை. பாஸ்டர் 1885 ஜூலையிலேயே ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. அந்த வைத்தியர் இலை பறித்த நாளில் குன்னூர் நிறுவனத்துக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இந்த இறப்புகளைத் தடுக்கும் வழியில் புதிராக எதுவும் இல்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது, அன்றே மருத்துவமனைக்குப் போவது, தடுப்பூசியை விட்டுவிடாமல் போட்டு முடிப்பது, காயத்தைப் பார்த்து மருத்துவர் சொன்னால் இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடுவது.

சென்ற மாதம் என் பேத்தியைப் பக்கத்துத் தெரு நாய்க்குட்டி ஒன்று விளையாட்டாகக் கீறிவிட்டது. ஒரு கீறல்தான், இரண்டு துளி இரத்தம். குழாயடியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நான் கடிகாரத்தைப் பார்த்தபடி கழுவினேன். "போதும் தாத்தா, வலிக்கல" என்றாள். பதினைந்து நிமிடம் மிக நீளமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கொடுத்த அட்டையில் நான்கு கட்டங்கள்: முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். மூன்றில் மை முத்திரை விழுந்துவிட்டது. நான்காவதற்கு வருகிற வியாழக்கிழமை போக வேண்டும். அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.